காலி சீட்டுக்கு ஒன்பது ஆம்பியர்

பட்டப்பகலில் பேயா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் அப்படிச் சிரித்தவன்தான். ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது.

நவம்பர் பதினான்கு. மறுநாள் மான் வேட்டை தொடங்குகிறது. எங்கள் வடக்கு மிச்சிகனில் அன்று பாதி ஊர் காட்டுக்குள் போய்விடும். நான் துப்பாக்கியை வண்டியில் ஏற்றிவிட்டு ஒர்க்‌ஷாப்பைப் பூட்டப்போன நேரத்தில் ஹெல்வி காங்கஸ் தன் காரைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் சமைப்பவர். ஐந்தடிகூட இருக்க மாட்டார்.

"ஆர்னி, ஓட்டிட்டிருக்கும்போதே சீட்டு தானா பின்னால போயிடுதுடா. பிரேக்குக்குக் கால் எட்டல."

"உங்க கால் எப்போ எதுக்கு எட்டிச்சு, மிஸஸ் காங்கஸ்?"

"வாயப் பாரு! மான் எங்கயும் ஓடிப்போயிடாது. நல்லாப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். எப்படி? என் ஆறடி உடம்புக்குத் தோதான இடத்தில் உட்கார்ந்து, சீட்டை மோட்டாரால் நகர்த்தும் ஸ்விட்சை இரண்டு முறை அழுத்தினேன். ஒழுங்காக நகர்ந்தது. அவர் உட்காரும் அளவுக்கு முன்னால் தள்ளிப் பார்க்கவே இல்லை. 'கோளாறு இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

பதினாறாம் தேதி அவருடைய கார் மரம் ஏற்றிய ஒரு லாரியின் பின்னால் புகுந்தது. அவர் பிழைக்கவில்லை.

பதினெட்டு, சனிக்கிழமை. நொறுங்கிய கார் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. திங்கட்கிழமை காப்பீட்டு ஆய்வாளர் வருவார். முதலாளி டேல் உட்பட எல்லோரும் காட்டில். நான் மட்டும் தனியாக.

மதியம் 2.10. வேறொரு பேட்டரியை இணைத்தேன். சீட்டு மோட்டாரின் வயரில் மின்னோட்டத்தை அளக்கும் மீட்டரை மாட்டி ஸ்விட்சை அழுத்தினேன். காலி சீட்டு முன்னால் நகர்ந்தது. நான்கு ஆம்பியர். காலி சீட்டுக்குச் சரியான அளவுதான்.

2.17. சீட்டு முன்கோடியைத் தொட்டது. கையை எடுத்தேன்.

ஊம்ம்ம்ம்...

தானாகப் பின்னால் போனது. ஒரு சாண் போய்த்தான் நின்றது.

குனிந்து டார்ச் அடித்தேன். மின்சாரம் வரும் வயர் ஒன்று சீட்டு நகரும் தண்டவாளத்தில் உரசித் தோல் உரிந்திருந்தது. சீட்டு முன்கோடிக்கு வந்தால் மட்டும் அது மோட்டார் வயரைத் தொடும்; ஒரு சாண் பின்னால் போனால்தான் விலகும். அன்றைக்கு ஐந்து நிமிடம் கூடச் செலவழித்திருந்தால் கண்டிருப்பேன்.

இன்சுலேஷன் டேப்பை எடுத்தேன். பழுது பார்க்க அல்ல. மறைக்க.

சுற்றி முடித்தேன்.

2.31. ஊம்ம்ம்ம்...

ஸ்விட்சில் என் கை இல்லை. சீட்டு முன்னால் வந்துகொண்டிருந்தது. மெதுவாக... மோட்டார் திணறியது.

மீட்டரைப் பார்த்தேன்.

ஒன்பது.

ஆள் உட்கார்ந்தால் வரும் அளவு.

மெத்தை அமுங்கியிருந்தது. கொஞ்சமாக... ஒரு சின்ன உடம்புக்கு.

"மிஸஸ் காங்கஸ்..."

சீட்டு நின்றது.

டேப்பைப் பிய்த்தெறிந்தேன்.

திங்கட்கிழமை ஆய்வாளர் மோரிசெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்காமல் எழுதியதை. டேப் சுற்றியதை. சீட்டை ஓட்டிப் பார்த்ததை.

"வாய மூடித் தொலைடா," என்று டேல் என் காதருகே பல்லைக் கடித்தார்.

மோரிசெட் சீட்டைக் கழற்றினார். மோட்டாரைத் திறந்தார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வயர் நீ சொன்ன மாதிரிதான் இருக்கு தம்பி," என்றார். "ஆனா இங்க பாரு. மோதினப்பவே உள்ள தண்டு முறிஞ்சு, பல்சக்கரமெல்லாம் தூளாயிருக்கு. இந்தச் சீட்டு ஒரு அங்குலம்கூட நகர வழியே இல்ல. நீ எத ஓட்டிப் பாத்த?"