பரண்மேல் ஸ்போர்ட்ஸ் கார்

கொலுப் பெட்டியை வருஷத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள், அதைவிடப் பத்திரமான இடம் மயிலாப்பூரிலேயே கிடையாது என்று தொண்ணூறுகளில் நான் நம்பினேன். மனைவிக்குத் தெரியாமல் வாங்கிச் சேர்த்த குட்டி ஸ்போர்ட்ஸ் கார்களைப் பரணில் பொம்மைகளோடு ஒளித்தேன். நவராத்திரி என்று ஒன்று வரும் என்பது மட்டும் இந்த மூளைக்கு எட்டவில்லை.

வந்தது. அவள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் மேலே ஏறிக் கார்களை அவசரமாக வேட்டி மடியில் அள்ளினேன். ஒரு கை மடியை விடாது. இறங்கவோ இரண்டு கையும் வேண்டும். பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வியர்த்தேன்.

"ஏன்னா, அங்கேயே குடித்தனம் பண்ணப் போறேளா?"

"ஒரே தூசிடி!"

"இருக்கட்டும். அந்தச் சிவப்புக் காரை முதல்ல குடுங்கோ. பொம்மைக்கு வர்ணம் அடிக்க ஆடியில எடுத்தப்பவே பார்த்துட்டேன். கொலுப் பார்க்குல அதுக்கு ரோடுகூடப் போட்டாச்சு."

அந்த வருஷக் கொலுவில், அந்த ரோட்டோரம் செட்டியார் பொம்மையின் மளிகைக் கடை வாசலில் என் கார் நின்றது.