பிடியரிசியில் வளர்ந்த வைத்தியப் பள்ளி

போன வாரம் எங்கள் வைத்தியப் பள்ளியின் மாடிக் கட்டடத் திறப்பு விழாப் பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் விழுந்த சோறு ஒரே அளவாக, ஒரே பதமாக வெந்திருந்தது. பக்கத்து இலைக்காரர் புகழ்ந்துகொண்டே பிசைந்தார். நான் எழுந்துவிட்டேன். பாயசம் வருமுன் நான் பந்தியை விட்டு எழுந்தது இதுதான் முதல் தடவை. கோபம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

1920களில் நான் சேர்ந்தபோது பள்ளி என்பது கிறிஸ்தவச் சபைக் கோயில் வளவில் ஓர் ஓலைக் கொட்டகை. ஒரு டாக்டர், சில மாணவர்கள், ஒரு பெட்டி எலும்பு. மழை வந்தால் முதலில் எலும்பு நகரும், பிறகுதான் நாங்கள். சோறு மட்டும் தடையில்லை. சுற்றுச் சபைகளின் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எங்களுக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். சனிக்கிழமை சாக்கோடு போய் வாங்கி வருவோம். சம்பா, குருணை, சிவப்பரிசி எல்லாம் ஒரே பானையில். ஒன்று குழைந்திருக்கும், இன்னொன்று பல்லில் கடிபடும். அதைத் தின்றுதான் டாக்டர்களானோம்.

நான் ஆன கதை வேறு. முதல்முதல் டாக்டர் ஒரு நோயாளியின் முதுகுக் கட்டியைக் கீறியபோது விளக்குப் பிடித்திருந்த நான் மயங்கி விழுந்துவிட்டேன். கட்டிக்காரர் குப்புறக் கிடந்தபடியே, "அந்தச் சாருக்கு இப்பம் எப்பிடி இருக்கு?" என்று விசாரித்தாராம்.

இந்தச் சேதி எனக்கு முன்னால் ஞானம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டது. பனையேறியின் மனைவி. சாக்கில் கலயத்தைக் கவிழ்த்துக்கொண்டே சிரித்தாள். "ஏலே மக்கா, விழாம படிச்சுக்கோ. எனக்க மகளுக்கு நீதான் சொல்லிக்குடுக்கணும்." மகள் கிருபை அப்போது மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

பள்ளி வளர்ந்தது. ஓலை ஓடாயிற்று. வயல்காரர்கள் நிலம் எழுதி வைத்தார்கள். கூடவே நிர்வாகக் குழுவில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். நான் எலும்புப் பாடம் நடத்தும் சின்ன வாத்தியாரானேன்.

முப்பதுகளில் ஒருநாள், பள்ளியிறுதி தேறிய கிருபையை அழைத்துக்கொண்டு ஞானம்மா குழுவின் முன் வந்து நின்றாள். மூலை நாற்காலியில் நான். இந்த வருஷம் நன்கொடைக் குடும்பங்களுக்குத்தான் இடம் என்றார் தலைவர். அவள் பள்ளிக்கு என்ன தந்தாள் என்றும் கேட்டார்.

"தெனம் ஒரு பிடி தந்தேன் ஐயா. எம்புள்ளைக்குக் கஞ்சி தண்ணியா இருந்த நாளும் தந்தேன். அந்தா இருக்காரே வாத்தியாரு, அவரு தின்னு வளந்தது எனக்க அரிசியிலயாக்கும்."

"அது தர்மம்லா. தர்மம் குடுத்துட்டு, பெறவு வந்து கூலி கேக்கலாமா?"

"அப்பம் உங்க வயலும் தர்மந்தானே? நீங்க மட்டும் மருமவனுக்கு எடம் கேட்டு வாங்கினியளே."

நான் எழுந்தேன். இந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று முழங்கத்தான் எழுந்தேன். முழங்கால்கள்தான் முழங்கின. பல் கிட்டியது, மேசை விளிம்பு கையோடு சேர்ந்து ஆடியது, "இந்த... இந்தப் பிள்ளைக்கு..." என்று பாதி வார்த்தை வந்தது. தலைவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "சாருக்குக் குளிர்காய்ச்சல். கொய்னா மருந்து குடுங்க." குடித்தேன். நாவில் கசப்பு நீங்குமுன் தாயும் மகளும் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை சாக்கோடு போன மாணவர்கள் வெறுஞ்சாக்கோடு திரும்பினார்கள். ஞானம்மாவின் தெருவில் ஒவ்வொரு வாசற்படியிலும் கலயம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததாம். பள்ளி ஆடிப்போகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வயல் நெல் வண்டியில் வந்து இறங்கியது. கலப்பரிசித் தொல்லை தானாக ஒழிந்தது என்றார் சமையற்காரர். என் கோபம் இன்றுவரை ஆறாதது அங்கேதான்.

கிருபை இப்போது அஞ்சுகிராமத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். புதுக் கட்டடத்தின் கல்லில் வயல்காரர்கள் பெயர் வரிசையாக இருக்கிறது. கொட்டகை போயிற்று, சாக்கு போயிற்று, அரைவேக்காட்டுச் சோறும் போயிற்று. இப்போது ஒரே வயலின் அரிசி. அந்தப் பந்தியில் யார் பல்லிலும் எதுவும் கடிபடவில்லை.