பத்துக்குப் பத்து வாங்கிய குஷன்

போன வருடம் கோடையில், மரக்காணத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. உப்பளத்தில் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்ததில் என் வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நாள் முழுக்கச் சக்கர நாற்காலிதான். சென்னைவரை அலைய வேண்டாம், வீடியோ காலிலேயே பார்த்து, உட்கார்ந்தே இருப்பதால் புண் வராதபடி அவருக்கு ஏற்ற குஷன் அனுப்புகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வீடியோ கால் வருவதாகச் சொன்ன அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டவர் தேடி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். நாற்காலியின் சீட்டோ தொய்ந்து, நைந்து கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்தால் மானம் போகுமே! பீரோவிலிருந்த நல்ல பெட்ஷீட்டை மடித்து அதன்மேல் விரித்து, புதுச்சட்டை மாட்டி அவரை உட்காரவைத்தேன். வீடியோவில் வந்த தெரபிஸ்ட் அம்மா கேட்ட அளவையெல்லாம் டேப் பிடித்துச் சொன்னேன்.

குஷன் வந்ததும் பெட்ஷீட்டை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். இரண்டே நாளில் அவர் ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தார். தலையணையை முட்டுக் கொடுத்தேன். அவருக்கு வலியும் தெரியாது. எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, திருப்தியா, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டாள். நமக்காக இவ்வளவு செய்தவர்களிடம் போய்க் குறை சொல்வதா? "பத்துக்குப் பத்துங்க!" என்றேன்.

பக்கத்திலிருந்தவருக்கு வந்ததே கோபம்! "பத்தா? நீ வந்து உக்காந்து பாருடி, அப்பறம் மார்க் போடு! நாள் பூரா சறுக்குது!"

அந்தப் பெண் அமைதியாக, "போனை சார்கிட்ட குடுங்கம்மா" என்றாள்.

மறுநாளே தெரபிஸ்ட் வீடியோவில் வந்தார். நான் சொன்ன பெட்ஷீட் கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "சீட் தொய்ஞ்சிருந்ததே எனக்குத் தெரியலம்மா. சமமா இருக்குதுன்னு நெனச்சுதான் அனுப்பினேன்."

என் வீட்டுக்காரரை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தால், இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. அழுத்தினாலும் சிவப்பு மாறவில்லை. "நல்லவேளை, இன்னும் தோல் உரியல. இது மாறுற வரைக்கும் உக்கார வைக்காதீங்க" என்றார் தெரபிஸ்ட். பிறகு வெறும் நாற்காலியைக் காட்டச் சொல்லி, சீட்டை மாற்றவைத்து, புது அளவில் குஷன் அனுப்பினார்.

என் வீட்டுக்காரர் மட்டும் அன்று கத்தாமல் இருந்திருந்தால், அந்தச் சிவப்பு புண்ணாகி ஆளையே கொண்டுபோயிருக்கும். இப்போதெல்லாம் அவரைப் பற்றி யார் என்ன கேட்டாலும், முந்திக்கொண்டு வரும் என் வாயை அடக்கிக்கொண்டு, போனை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.