செருப்போடு வரும் டீச்சர்

கோயிலுக்கு வந்த பெண்கள் முதல் படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்க, விருத்தாம்பாள் டீச்சர் கழற்றாமல் ஏறுகிறார். ரப்பர் செருப்பு. கருங்கல் தரையில் அது டப் டப்பென்று அடிக்கிற சத்தம் கருவறை வரைக்கும் கேட்கும். கையில் குடை, தோளில் பை, பையில் சோற்று டப்பாவும் அதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிரம்பும். தூணுக்குத் தூண் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கே உட்கார்ந்துவிடுகிறார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி பாதியில் கையை இறக்கி வழி விடுகிறாள்.

ஆரணியை ஒட்டிய பட்டு நெசவுத் தெரு ஒன்றின் கோடியில் இருக்கிறது இந்த அம்மன் கோயில். அதன் முன்மண்டபத்தில்தான் பஞ்சாயத்து யூனியனின் ஓராசிரியர் பள்ளி நடக்கிறது. கட்டடம் வரும் வரைக்கும் என்று மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள்; கட்டடம் வரவில்லை. அரசாங்க இடத்தில் சாமி படம் மாட்டக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. சாமியே குடியிருந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை. அந்தக் குறையை டீச்சர் தாமே நிரப்பிக்கொண்டார். காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலரை வரை மண்டபம் பள்ளிக்கூடம். அதுவரை அம்மன் பக்கத்துப் போர்ஷன்.

"வாடகை குடுக்கறோம் இல்ல? அப்புறம் இன்னா, அவங்க வீட்ல அவங்க, நம்ம வீட்ல நாம" என்பார். பள்ளி நேரத்தில் அம்மன் பேரைச் சொல்வதில்லை, "உள்ள இருக்கறவங்க." பூசாரி திருமலை மத்தியானப் பூஜைக்கு மணி அடித்தால் இங்கிருந்தே குரல் போகும்: "அடிக்காத திருமலை! சாப்பாட்டு பெல்லுன்னு பசங்க எழுந்து ஓடுது." இப்போதெல்லாம் திருமலை சத்தமில்லாமல் கற்பூரம் காட்டிவிட்டு, பரீட்சைக்குத் தாமதமாக வந்த மாணவன் மாதிரி சுவரோரமாக வெளியேறுகிறார்.

இதை வைத்து அவரை நாத்திகர் என்று முடிவு கட்டுவது தப்பு. நாலரை மணிக்குப் படி இறங்குவார், செருப்பை விடுவார், குழாயில் கால் கழுவுவார், முழம் பூ வாங்கிக்கொண்டு அதே படியில் ஏறி வருவார். கண்ணை மூடி நெடுநேரம் நிற்பார். மகன் பத்தாவது தேறவேண்டும் என்பதிலிருந்து முழங்கால் வலி வரைக்கும் அம்மனிடம் வாய்விட்டே ஒப்பிப்பார். "பகலெல்லாம் பக்கத்துப் போர்ஷன்னு சொல்லிகினு இருந்தியே" என்று திருமலை ஒருநாள் சீண்டினார். "அது டீச்சர் சொன்னது. தட்டை நீட்டு, விபூதி எடுத்துக்கறேன்" என்று பதில் வந்தது. அவருக்குள் இருந்த அந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நம்மில் பலருக்கு இல்லாத நிம்மதி அது.

நல்ல ஆசிரியை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பிரம்பை அளவுக்கு மீறி நம்புகிறார். பின்னக் கணக்கு என்றால் அவருக்கே எரிச்சல். அந்தப் பாடத்தை மழைக்காலம் வரை தள்ளிவைத்து, தூறல் விழுந்ததும் பள்ளிக்கு லீவு விட்டுவிடுவார். மத்தியானம் தூணில் சாய்ந்து கண்ணயர்வார். அந்த நேரத்தில் இருமுகிற பிள்ளைக்கு எழுந்ததும் அடி உண்டு.

எழுபத்தேழில், அவசரநிலை முடிந்த கையோடு, இங்கே மாற்றலாகி வந்தார். பள்ளிப் பதிவேட்டில் காலனிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஊர் வழக்கத்தில் அவர்கள் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. அதனால் படிக்குக் கீழே வெயிலில் உட்கார்ந்து படித்தார்கள். டீச்சர் முதல் நாளே பிரம்பை நீட்டினார். "இன்னாத்துக்கு அங்க குந்திகினு கீறீங்க? இது ஸ்கூலு. உள்ள வாங்க." அடிக்குப் பயந்து உள்ளே வந்தார்கள்.

தெருவில் பாதித் தறிகளுக்கு வேலை கொடுக்கிற வீரபாகுதான் கோயில் தர்மகர்த்தா. மேலிடத்துக்கு மனு போட்டார். மனுவில் காலனி என்ற சொல்லே இல்லை, சட்டம் தெரிந்தவர். மனு முழுக்க டீச்சரின் செருப்பைப் பற்றியது.

விசாரிக்கப் பள்ளி ஆய்வாளர் ஸ்கூட்டரில் வந்தார். பாலிஷ் போட்ட பூட்ஸ். முதல் படியருகே நின்றுவிட்டார். தெருவே அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழற்றினால் இது கோயில், காலனிப் பிள்ளைகள் கீழே இறங்கவேண்டும். கழற்றாவிட்டால் பள்ளிக்கூடம்.

"ஐயா நல்ல குடும்பத்துப் புள்ள. போட்டுகினு வரமாட்டாரு" என்றார் வீரபாகு.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தீங்களா சார், அர்ச்சனைக்கு வந்தீங்களா?" என்றார் டீச்சர்.

"பெரிய பேஜாரா போச்சே" என்று முனகிக்கொண்டே ஆய்வாளர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். வீரபாகு சிரித்து முடிப்பதற்குள் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஆய்வு முடியும்வரை அவை அவர் மடியிலேயே இருந்தன. நம் அரசாங்கம் மதத்தோடு வைத்திருக்கும் உறவை இதைவிடத் துல்லியமாக யாரும் காட்டிவிட முடியாது. தீர்ப்பு எதுவும் சொல்லாமல் கிளம்பிப் போனார்.

மறுநாள் மண்டபத்துக் கம்பிக் கதவில் பூட்டு தொங்கியது.

"அந்தப் பசங்கள கீழ எறக்கு டீச்சர், சாவி தரேன்." மனுவில் இல்லாதது வீரபாகுவின் வாய்க்கு வந்துவிட்டது.

"எறக்கலன்னா?"

"கலசப்பாக்கம் தாண்டி ஒரு ஸ்கூலு காலியா கீதாம். எனக்கும் நாலு ஆபீசருங்கள தெரியும்."

டீச்சர் குடையை விரித்தார். பிள்ளைகளைத் தெரு நடுவில் உட்கார வைத்து வாய்ப்பாட்டை ஆரம்பித்தார்.

அந்தத் தெருவின் பிழைப்பு காலையில் தெருவில்தான் நடக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்குத் துரத்திவிட்டு, பட்டுப் பாவுகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போடுவார்கள். பிள்ளைகள் தெருவிலேயே இருந்தால் அது நடக்காது. போதாததற்கு, வழக்கத்தில் இல்லாத தாராளத்தோடு டீச்சர் அடிக்கடி இடைவேளை விட்டார். இடைவேளை விட்டால் பிள்ளைகள் பாவுக்கு அடியில்தான் புகுந்து ஓடுவார்கள்.

"டீச்சர்! உன் புள்ளைங்கள புடிச்சிக்க! இழை அறுந்துகினே போவுது!" என்று கத்தினார் நெய்கிற கமலம்.

"என் புள்ளைங்களா? அதுல ரெண்டு நீ பெத்தது."

"ஸ்கூலுக்குத்தானே அனுப்பிச்சேன்?"

"இதான் ஸ்கூலு. பூட்டினது நானா?"

மூன்றாம் நாள் நெசவாளர்கள் கும்பலாக வீரபாகு வீட்டுக்குப் போனார்கள். "நாங்க தறியில குந்தறதா, புள்ளைங்க பின்னாடி ஓடறதா? சாவிய குடுங்க ஜல்தி." இதை மனமாற்றம் என்று எழுத முடியாது. அந்தக் கும்பலில் காலனியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எல்லோருக்கும் பாவு அறுகிற கவலை.

வீரபாகுவே வந்து பூட்டைத் திறந்தார். ஆனால் தோற்றதாகத் தெரியக்கூடாது. ஒரு நிபந்தனை வைத்தார். காலனிப் பிள்ளைகள் உள்ளே வரலாம், ஆனால் படியோரமாக, கடைசி வரிசையில்தான் உட்காரவேண்டும். "முன்னாடி எங்க புள்ளைங்க. பின்னாடி அதுங்க. இதுக்கு மேல எறங்கி வரமாட்டேன்."

கமலமும் மற்றவர்களும் அது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். பிள்ளைகள் அம்மனைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்தார்கள். காத்தாயி என்ற காலனிச் சிறுமி படியை ஒட்டி உட்கார்ந்து சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணுக்கு எதிரே எல்லாம் முதுகுகள்.

"சரிங்க" என்றார் டீச்சர். அவர் இவ்வளவு சுலபமாக எதற்கும் சரி சொல்லி யாரும் கேட்டதில்லை. வீரபாகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கருவறைப் பக்கத்துச் சுவரில் கரும்பலகை சாய்ந்திருந்தது. டீச்சர் அதை இரண்டு கையாலும் தூக்கினார். வரிசைகளுக்கு நடுவே, தெரு பார்த்துக்கொண்டிருக்க, மண்டபத்தின் நீளத்துக்கும் நடந்தார். காத்தாயியைத் தாண்டி, படியோரத் தூணில் அதைச் சாத்தினார். பிரம்பால் ஒரு தட்டுத் தட்டினார்.

"எல்லாரும் இப்படி திரும்புங்க."

காத்தாயி முதல் வரிசைக்கு வந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால், அம்மனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்கள்.