மைதானத்துச் சத்தம்

என் பெரிய மகன் பந்தைத் துரத்தி ஓடும்போது விழுந்தான். யாரும் மோதவில்லை. தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டை ஒட்டிய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டம். கூட ஆடினவர்கள் வலிப்பு என்று நினைத்து, சாவிக்கொத்தைக் கையில் திணித்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். அவன் விரல் மடங்கவேயில்லை.

அவன் அப்பாவும் சுரங்க டீமில் ஆடியவர். ஒரு நாள் ஆடிவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். தூசி நோய், சுரங்கத் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது என்றார்கள். எங்கள் ஊரில் சுரங்க ஷாஃப்டில் இறங்கின ஆம்பளை எப்படிச் செத்தாலும் தூசி என்றுதான் சொல்வோம். நானும் நம்பினேன்.

போன வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். ஆடும்போது திடீரென்று செத்துப்போனவர்களைப் பற்றி ஊர் ஊராக விசாரிக்கிறாராம். புது ஆள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கதவோரம் நின்றேன்.

"வீட்ல வேற யாராவது இப்படிப் போயிருக்காங்களாம்மா?"

"அவன் அப்பா. அது தூசிம்மா."

"இருமல் இருந்துச்சா? மூச்சு வாங்குமா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லம்மா. நல்லா ஓடுவாரு."

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார். "இன்னொரு பிள்ளை இருக்காரா?"

சின்னவனைக் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தோம். இதயத்தின் சதை தடித்திருக்கிறது, அப்பாவிடமிருந்து வந்திருக்கும், இனி ஓடக்கூடாது என்றார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்தான். பிறகு ஒரு ஞாயிறு பூட்ஸை எடுத்தான்.

"வாணாம்டா."

"இன்னாம்மா நீ. தெனம் வேலைக்கு பெங்களூரு ரயில்ல நின்னுகினே போறேன், நின்னுகினே வரேன். இந்த ஒரு நாளுதான் மனுசனா கீறேன்."

"அண்ணன நெனச்சுப் பாருடா."

"அண்ணன் ஃபார்வர்டு. நான் கோல்கீப்பர். சும்மா நிக்கிற வேலைம்மா" என்று சிரித்தான்.

பொய். அண்ணன் இடத்தில்தான் ஆடுகிறான் என்று பக்கத்து வீட்டம்மா சொல்லிவிட்டது. அவனிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டாலும் நிற்கமாட்டான்.

டாக்டரம்மாவின் கணக்கில் எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

ஞாயிறு தோறும் மைதானத்துச் சத்தம் வீடுவரை கேட்கும். பெரியவன் விழுந்த அன்று அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. ஆள் வந்து சொல்வதற்கு முன் எனக்குக் கிடைத்த சேதி அதுதான். இடைவேளைக்கும் அது அப்படித்தான் நிற்கிறது. அரிசி களைந்துகொண்டிருந்தாலும் கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, மறுபடி விசில் ஊதுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.