எட்டு ஸ்பிரிங்கும் சோளிங்கர் பஸ்ஸும்

ரங்கூன் பட்டறையில் எனக்கு மேலே இருந்த கிழவர் வால்வ் ஸ்பிரிங்கைப் பற்றி ஏதோ சொல்வார். முன்பாதி மறந்துவிட்டது, "...அப்புறம் குந்திக்கினு அழு" என்ற கடைசி மட்டும் ஞாபகம் இருக்கிறது. மோட்டார் ரிப்பேர் தொழிலில் ஞாபகம் வைத்திருக்க வேண்டியது எப்போதும் அந்த முன்பாதிதான். வண்டியைப் பிரித்தவர்களுக்கும், பிரிக்கக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றவர்களுக்கும் இது தெரியும்.

பழைய பொத்தான்

நாற்பத்தேழு வயதில் ஊர் திரும்பி ஆம்பூரில் பட்டறை போட்டேன். முதல் வேலை கரீம் பாயின் பஸ். கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. அந்தத் தண்டில் இருக்கும் மூக்குதான் வால்வைத் தள்ளித் திறக்கும். மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. மெட்ராஸில் உடைத்துப்போட்ட ஒரு லாரியிலிருந்து பாய் வேறு தண்டு வாங்கிவந்தார். அதில் மூக்கு உயரம் ஜாஸ்தி. பழைய ஸ்பிரிங் இதற்கு ஈடுகொடுக்காது, அதையும் மாற்ற வேண்டும் என்றேன்.

பாய்க்கு அவசரம். ஞாயிறன்று சோளிங்கர் மலைக்கோயிலுக்குப் போகும் கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தவறினால் எதிர் பஸ்காரன் ஏற்றிக்கொள்வான். அப்புறம் வருஷா வருஷம் அவர்கள் அவனோடுதான். "சட்டைக்குப் புதுத்துணி எடுத்தா, பழைய பொத்தானைப் போடக்கூடாதா மேஸ்திரி?"

தரம் பிரித்தல்

ஸ்பிரிங்கின் பலம் பார்க்க ரங்கூனில் கருவி இருந்தது. இங்கே பக்கத்துத் தோல் மண்டியின் எடைக்கல் இருந்தது. பஸ்ஸின் எட்டு ஸ்பிரிங்கையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒரே கல்லைத் தலையில் ஏற்றி, எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தேன். மண்டியில் தோலுக்குத் தரம் பிரிக்கும் முனுசாமி வந்து நின்றார். என்னைக் கேட்காமலே எட்டையும் விரலால் அமுக்கிப் பார்த்து, மூன்றைத் தள்ளிவைத்தார். என் அளவிலும் அதே மூன்றுதான். "மூணு கழிவு, அஞ்சு ரெண்டாந்தரம். மொதல் தரம் இந்த லாட்டுல இல்ல மேஸ்திரி."

ஊர் வாசனை

புதுத் தண்டை எஞ்சினில் மாட்டிவைத்துவிட்டு, ஸ்பிரிங் தேடி வேலூர் போனேன். கிடைக்கவில்லை. அதற்குள் பாயின் டிரைவர் தாஸ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். கெட்டித் தோலில் வாஷர் வெட்டி, ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் முட்டுக்கொடுத்துவிட்டான். ஆம்பூரில் குழாய் ஒழுகினாலும் கதவு ஆடினாலும் தோல்தான் மருந்து. வண்டியும் கிளம்பிவிட்டது! வேலூருக்கே ஓட்டிவந்து, திரும்பும்போது என்னோடு வழியில் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டான்.

பள்ளிகொண்டா தாண்டியதும் எஞ்சின் சூட்டில் வாஷர் எல்லாம் வறுபட்டுச் சுருங்கிவிட்டது. ஸ்பிரிங் தளர்ந்து, வண்டி இருமி இருமி நின்றது. கருகிய தோல் நாற்றம் பஸ் முழுக்க. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாள் மூக்கைச் சுளிக்கக்கூட இல்லை; எழுந்து மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஆம்பூர் வந்துட்ச்சா?"

சனிக்கிழமை

வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவந்தாயிற்று. சரியான ஸ்பிரிங் மெட்ராஸிலிருந்து வர ஒரு வாரமாகும். கைவசம் இருப்பதோடு புதுத் தண்டு ஓடாது. ஆனால் பழைய தண்டு இதே ஸ்பிரிங்குகளோடுதான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது, சேர்ந்தே தளர்ந்தவை. மேட்டில் முனகும், நாளைக்குச் சோளிங்கர் போய்ச்சேர்ந்துவிடும். இதைப் பாயிடம் சொல்ல மூன்று முறை தொண்டையைக் கனைத்தேன். பாய் முழுக்கக் கேட்டார். "பழசே போதும்னா, பத்து நாளா என் வண்டியை இன்னாத்துக்குய்யா பிரிச்சுப் போட்டே?"

மெட்ராஸுக்கு எட்டு ஸ்பிரிங் கேட்டு எழுதிப்போட்டுவிட்டு, பழைய கேம்ஷாஃப்டையே எண்ணெய் தடவித் திரும்ப மாட்டினேன்.