கிலோமீட்டர் விற்கும் பிரேக் அக்கா

சிக்னலில் வண்டி நின்றதும் பிரேக் அக்கா இடது கையை ஜன்னலுக்கு வெளியே விட்டு, விரல்கள் வானத்தைப் பார்க்கிறபடி உயர்த்தி வைத்துக்கொள்வார். எதிரே வருகிறவர்கள், யாரோ தெரிந்தவர் போலிருக்கிறது என்று பதிலுக்குக் கை காட்டுவார்கள். அக்காவும் சளைக்காமல் தலையாட்டுவார். மார்பகப் புற்றுநோய் அறுவையில் இடது மார்போடு அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அதனால் அந்தக் கையில் நீர் தேங்கி வீங்கும். மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கமான உறை போட்டிருப்பார். "தொங்கப் போட்டா கோவிச்சுக்கும். நம்ம கைதானே, கொஞ்சம் தாங்கிக்க வேண்டியதுதான்" என்பார்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவர் ஆசிரியர். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருவார். அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். பெயர் அப்படி வந்ததுதான். தலை நரைத்த பிறகு கார் ஓட்டக் கிளம்பியவள் நான். முதல் நாள் ஸ்டியரிங்கை நான் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு, "அது எங்கயும் ஓடிப் போயிடாதுங்க, கொஞ்சம் மூச்சு விட விடுங்க" என்றார்.

அடுத்த நாள், வியர்வையைத் துடைக்க டிஷ்யூ தேடி டேஷ்போர்டு அறையைத் திறந்தேன். உள்ளே மெத்தென்று, கைக்கு அடக்கமாக, துணியில் தைத்த பஞ்சுப் பொதி ஒன்று இருந்தது. எடுத்த மார்புக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொள்வது என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"அது என்னோடதுதான்" என்றார் அக்கா, வெகு சாதாரணமாக. "லைசென்ஸ் மாதிரி. கேக்குற இடத்துல மட்டும் எடுத்துக் காட்டுறது. மத்த நேரம் எதுக்கு, புழுங்குது."

எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ரோட்டைப் பார்த்தேன். "இப்பதான் ஒழுங்கா பாக்குறீங்க" என்றார்.

அவர் ஓட ஆரம்பித்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியபோது வண்டியின் குலுக்கலைத் தாங்க உடம்பில் தெம்பில்லை. மருத்துவர் நடக்கச் சொல்லியிருந்தார். பள்ளி முதலாளி அவருக்குப் பதிலாக பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்துகொள்ள, அக்கா மைதானத்தில் காரோடு கூடவே நடந்து ஜன்னல் வழியாகப் பாடம் நடத்தினார். புதிதாகக் கற்பவர்கள் அவ்வளவு மெதுவாகத்தான் ஓட்டுவோம். ஒரு மாணவருக்குத் துணிச்சல் வந்து இரண்டாவது கியர் போட்டார். அக்கா திட்டுவதற்காகப் பின்னாலேயே ஓடினார். கார் நின்ற பிறகும் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வந்தார். இப்போது வருடா வருடம் மாரத்தான் பந்தயத்தில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார். எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

அவருடைய நாத்தனாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கணவரின் தங்கை, அடுத்த தெருவில் கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடி விற்கிறார். "யாரு துரத்துறாங்கன்னு அண்ணி இப்படி ஓடுறாங்க?" என்று வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் கேட்பார். காதுக்கு வந்தபோது அக்கா சொன்னது: "துரத்தினது நின்னுடுச்சு. எனக்குத்தான் பழக்கம் விடல."

ஓடுவதோடு அவர் நிற்கவில்லை. கதிர் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் தினமும் போய் வரவேண்டும். தோல் வெந்து உரிந்த நெஞ்சோடு, முட்டித் தள்ளுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போனவர் அவர். "வைத்தியம் நல்லாத்தான் பண்றாங்க. போற வழிதான் உயிரை எடுக்குது" என்பார். அப்படிப் போகிறவர்களுக்காக ஒரு வேன் ஓடுகிறது, அவர் திரட்டிய பணத்தில். இரண்டாவது வேனுக்காக இந்த வருடமும் கிலோமீட்டர் விற்றார்.

ஆமாம், விற்கிறார். பணம் கொடுத்தவருக்கு ஒரு கிலோமீட்டர் சொந்தம். அந்தத் தூரம் முழுக்க அவர் சொல்வதையே அக்கா மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஓடவேண்டும். மகள் பரீட்சையில் தேறவேண்டும் என்று வேண்டச் சொன்னார் ஒருவர். ஒரு அலுவலகக்காரர் தன் மேலாளரைத் திட்டிக்கொண்டே ஓடச் சொன்னார். அது சரிவான பகுதி, திட்டு தாராளமாக வந்ததாம். நான் வாங்கியது ஓட்டத்தின் கடைசியில் வரும் மேடு. ரிவர்ஸ் எடுக்கிற பயத்தை அங்கேயே கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு வாருங்கள் என்றேன்.

பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்பு நாத்தனாருக்கும் மார்பில் கட்டி என்று தெரிந்தது. எடுத்துவிட்டால் பிழைக்கலாம், தள்ளிப்போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பந்தயத்துக்கு மறுநாள் அறுவைக்கு நாள் குறித்தும் ஆயிற்று. அவர் மாட்டேன் என்றார். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனிடம் அழுதாராம்: "அதை எடுத்துட்டா அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு?"

அக்கா வாதாடவில்லை. எத்தனையோ பேரைப் பேசிப் பேசியே சிகிச்சைக்கு அனுப்பியவர், சொந்த வீட்டில் வாயடைத்துப் போனார். வகுப்பில் இரண்டு முறை பிரேக் போட மறந்தார். "என் பேச்சு அவகிட்ட எடுபடாது" என்று என்னிடம் சொன்னார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். கடைசியில் நாத்தனாரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மேட்டுல எனக்குத் தண்ணி குடுக்க ஆள் இல்ல. உங்க அண்ணனோட வந்து நில்லு."

பந்தயத்தன்று, வாங்கிய மேட்டைப் பார்க்க நானும் போயிருந்தேன். அக்காவின் கணவர் வாளியோடு நின்றார். பக்கத்தில் நாத்தனார், கையில் தண்ணீர்க் குவளை, யாருக்கும் முகம் கொடுக்காமல். பெரிய ஓட்டக்காரர்களெல்லாம் எப்போதோ கடந்து போயிருந்தார்கள். நெடுநேரம் கழித்து வளைவில் அக்காவின் தலை தெரிந்தது. முகம் செங்கல் நிறம். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டி, ஒரு பக்கம் பலகை போல் தட்டையாக இருந்தது. அதை அவர் மறைக்கவே இல்லை.

ஓடும்போது அவர் நிற்கமாட்டார்; தண்ணீரைக்கூட ஓடியபடியே வாங்குவார். அன்று நின்றார். நீட்டிய குவளையை வாங்கவில்லை. நாத்தனாரின் இன்னொரு கையைப் பிடித்து, விரல்களை விரித்து, தன் இடது நெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டார்.

நாத்தனார் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அக்கா விடவில்லை, பேச மூச்சும் இல்லை. எடுத்துவிட்ட அந்த இடத்தில் தோலை ஒட்டியே இதயம் உதைத்துக்கொண்டிருந்தது. வைத்த கை அதிர்வது, தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது.

நாத்தனார் குவளையைத் தரையில் வைத்தார். நிமிர்ந்து, அந்தக் கையையும் கொண்டுவந்து அங்கேயே வைத்தார்.